போட்டோஷாப் வகுப்புக்குப் பணம் கட்டலாமா? சாத்தூரிலிருந்து எழுதிய ஒரு தந்தைக்கு

ஐயா, வணக்கம்.

பிளஸ் டூவில் வணிகவியல் படிக்கும் உங்கள் மகள் சி.ஏ. வேண்டாம், டிசைன்தான் என்று பிடிவாதமாக நிற்கிறாள், கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாத போட்டோஷாப் வகுப்பில் சேர்த்துவிடச் சொல்கிறாள், சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அவளுக்குத் திறமை இல்லை என்று சொல்லவில்லை. பள்ளி ஆண்டு மலருக்காக அவள் செய்து நீங்கள் அனுப்பிவைத்த அந்த எதிரெதிர்ப் பக்கங்களைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்: போட்டோஷாப் அவளுக்கு ஏற்கெனவே கைவந்துவிட்டது. தெரியாதது அச்சு. அதை அந்த சென்டரில் சொல்லித் தருவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

முதலில் அவள் நன்றாகச் செய்திருப்பதைச் சொல்லிவிடுகிறேன். வெம்பக்கோட்டை அகழாய்வைப் பற்றிய பக்கங்கள். ஒரே ஒரு சங்கு வளையல் துண்டைப் பெரிதாக வைத்து, சுற்றிலும் மண் நிறத்தைக் காலியாக விட்டிருக்கிறாள். அந்த வயதுப் பிள்ளைகள் கையில் கிடைத்த படங்களையெல்லாம் திணித்து, ஒவ்வொன்றுக்கும் நிழலும் பார்டரும் போட்டு நிரப்பிவிடுவார்கள். இவளுக்கு எதை விட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. இதை எந்த வகுப்பிலும் எளிதில் கற்றுத்தர முடியாது.

இனி இதே பக்கம் அச்சகத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று பார்ப்போம். அந்த வளையல் படம் வாட்ஸ்அப்பில் வந்தது, 1600 பிக்சல் (படப் புள்ளி) அகலம். கலர் பத்திரிகை அச்சுக்குப் பொதுவாக அங்குலத்துக்கு 300 பிக்சல் கேட்பார்கள். அந்தக் கணக்கில் இந்தப் படம் 13.5 செ.மீ. அகலத்துக்குத்தான் தாங்கும். இவளோ இரண்டு ஏ4 பக்கங்களின் 42 செ.மீ. அகலத்துக்கும் இழுத்திருக்கிறாள். அங்குலத்துக்கு 97 பிக்சல்கூட வரவில்லை. இமேஜ் சைஸில் 300 என்று அடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்திருப்பாள் போல. அப்படி அடித்தால் இல்லாத புள்ளிகளை மென்பொருள் ஊகித்து நிரப்பும், அவ்வளவுதான். வளையலில் இருக்கும் கீறல் வேலைப்பாடு வழுவழுப்பாகி மறைந்திருப்பது அதனால்தான். செல்போனில் பார்த்தால் இது தெரியாது, தாளில் நிச்சயம் தெரியும்.

அடுத்தது ஓரம். ஃபைல் சரியாக 4961க்கு 3508 பிக்சல், அதாவது இரண்டு ஏ4 அளவுதான். பின்னணி நிறம் தாளின் விளிம்பு வரை போகிறதென்றால் நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விட்டிருக்க வேண்டும், அதற்குப் பெயர் ப்ளீட். அது இல்லாவிட்டால், கட்டிங் மெஷின் கொஞ்சம் விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக்கோடு விழுந்துவிடும். நடுவில் அதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. ஆண்டு மலர் முதுகில் பசை வைத்து ஒட்டும் பைண்டிங் என்றால், மடிப்பு இரு பக்கமும் சில மில்லிமீட்டரை விழுங்கிவிடும். வளையலின் அழகான பகுதி சரியாக அங்கேதான் விழுகிறது. சென்டர் பின் அடித்த புத்தகமானாலும் தப்பிக்க முடியாது. நட்டநடுப் பக்கம் மட்டும்தான் ஒரே தாளில் சேர்ந்தாற்போல் வரும். மற்ற இடங்களில் இடப் பக்கமும் வலப் பக்கமும் தாளின் வெவ்வேறு பாகங்களில் அச்சாகி, மடித்த பிறகுதான் ஒன்று சேரும், படம் சற்று ஏறி இறங்கி நிற்கும்.

கட்டுரை முழுவதையும் போட்டோஷாப்பிலேயே தட்டச்சு செய்து ஜேபெக்காகச் சேமித்திருக்கிறாள். அதனால் எழுத்தும் படம் போலவே புள்ளிகளாகிவிட்டது. பத்து பாயின்ட் தமிழ் எழுத்தின் சுழிகள் இதில் மங்கிப்போகும். போதாததற்கு, எழுத்தின் கருப்பு ஆர்ஜிபி கருப்பு, அதாவது திரைக்கான நிற முறையில் அமைந்தது. அச்சுக்கான நான்கு மை முறையான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றும்போது அது நான்கு மைகளின் கலவையாகப் பிரியும். மைக்கு ஒன்றாக வரும் நான்கு பிளேட்டும் (அச்சுத் தகடு) இம்மி பிசகாமல் பொருந்தாவிட்டால், ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் ஒரு வண்ண நிழல் ஒட்டிக்கொள்ளும். சிறிய எழுத்துக்குக் கருப்பு மை ஒன்றே போதும். தலைப்பில் "தொல்லியல்" என்பதில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கின்றனவே, அது அவள் தவறல்ல. போட்டோஷாப்பின் டைப் அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை மாற்றினால் ஒழுங்காகிவிடும்.

சொல்ல வருவது இதுதான்: படத்தைத் திருத்துவது போட்டோஷாப்பின் வேலை, பக்கத்தை அமைப்பது அதன் வேலையல்ல. அதற்கு இன்டிசைன் இருக்கிறது, 1999இல் வந்தது. அதற்கு முன் 1985இல் வந்த பேஜ்மேக்கரை நம் ஊர் டிடிபி (கணினியில் தட்டச்சு செய்து பக்கம் அமைக்கும்) கடைகள் சிலவற்றில் இன்னும் பார்க்கலாம். பக்கத்தையும் போட்டோஷாப்பிலேயே முடிக்கும் தொழில் ஒன்று உண்டு: கல்யாண ஆல்பம். 12க்கு 36 அங்குல விரிப்புகளை அதிலேயே செய்துவிடுகிறார்கள், ஏனென்றால் அங்கே எழுத்து மிகக் குறைவு. ஆல்பம் டிசைனர் வேலையை மட்டமாக நினைக்காதீர்கள். முகூர்த்த மாதங்களில் அவர்களுக்குத் தூங்க நேரம் இருக்காது.

அழகியலைத் தாண்டி ஒன்றை அவளிடம் கேட்க விரும்புகிறேன். அகழாய்வுப் படங்களில் பொருளுக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்திருப்பார்கள். இவள் படத்தில் அது இல்லை. கோல் இருந்த இடத்தில், பக்கத்து மண்ணை நகலெடுத்து மூடிய (குளோன் செய்த) தடம் தெரிகிறது, உற்றுப் பாருங்கள். அழகைக் கெடுக்கிறது என்று அழித்திருப்பாள். ஆனால் அது போனால் வளையல் எவ்வளவு பெரிது என்று வாசகருக்குத் தெரியாது. நேஷனல் ஜியாகிரஃபிக் 1982 பிப்ரவரி இதழின் அட்டையில், படம் செங்குத்தாகப் பொருந்த வேண்டும் என்பதற்காக கீசா பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்துவிட்டார்கள். போட்டோஷாப் பிறப்பதற்கு எட்டு ஆண்டு முன்பு நடந்தது. பத்திரிகைப் படத்தில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற விவாதத்தில் அந்த அட்டையை இன்றும் உதாரணம் காட்டுகிறார்கள். இப்போது ஒரு வரி எழுதினால், எங்கும் இல்லாத பானையையும் மென்பொருளே வரைந்து கொடுத்துவிடுகிறது. அதனால் இந்தக் கேள்வியை அவள் இப்போதே சந்திப்பது நல்லது.

வகுப்புப் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும், சிவகாசி உங்களுக்குப் பக்கம். தெரிந்தவர் மூலம் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் பிளேட்டுக்கு ஃபைல் சரிபார்க்கும் ஆளிடம் அவளை ஒரு நாள் உட்கார வையுங்கள். இந்தப் பக்கங்களை முதலிலிருந்து திருத்தி, ஒரு கலர் ப்ரூஃப் (மாதிரி அச்சு) எடுத்துப் பார்க்கட்டும். "இதை மாற்று, அதை மாற்று" என்று அவர் திருப்பித் திருப்பி அனுப்பும்போது அவள் சலித்துக்கொள்கிறாளா, இன்னும் கிட்டே போய்ப் பார்க்கிறாளா என்று மட்டும் கவனியுங்கள்.

படிப்பைப் பொறுத்தவரை, வணிகவியல் எடுத்ததால் கதவு அடைபடவில்லை. டிசைன் பட்டப்படிப்புக்காக ஐஐடி பாம்பே நடத்தும் யூசீட் நுழைவுத் தேர்வை எந்த குரூப் மாணவரும் எழுதலாம். அதில் வரைதலும் உண்டு. அகமதாபாத் என்ஐடியின் (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) நுழைவுத் தேர்வும் அப்படியே. இரண்டுக்கும் பிளஸ் டூ படிக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், பொதுத்தேர்வு முடியட்டும் என்று காத்திருந்தால் ஓராண்டு போய்விடும். சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளின் பி.எஃப்.ஏ. (கவின் கலை இளங்கலை) படிப்பில் விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் இருக்கிறது. அவளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், செலவும் குறைவு. தனியார் கல்லூரிகளின் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிப்புகள் பலவற்றில் கேமராவும் சினிமாவும்தான் பிரதானம். சேர்க்கும் முன் எழுத்துருவியல், பக்க வடிவமைப்பு பாடங்கள் இருக்கின்றனவா என்று பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கிண்டி பொறியியல் கல்லூரியின் அச்சு, பேக்கேஜிங் படிப்புக்குக் கணிதமும் இயற்பியலும் வேண்டும், அது இவளுக்கு இல்லை. சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய நிலை என்றால் ஐடிஐயில் ஓராண்டு டிடிபி ஆபரேட்டர் பயிற்சி இருக்கிறது.

வார இதழ்களை நம்பி மட்டும் இதில் இறங்கச் சொல்ல மாட்டேன், அங்கே இடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. பாடநூல், ஜவுளிக்கடை கேட்டலாக், மருந்துப் பெட்டி, டைரி, காலண்டர் என்று இதே கணக்குகள் தேவைப்படும் இடங்கள் பல. அதில் கணிசமானவை உங்கள் மாவட்டத்திலேயே இருக்கின்றன. தொடக்கச் சம்பளம் சி.ஏ. முடித்தவர் வாங்குவதை நெருங்காது, அதையும் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள்.

கம்ப்யூட்டர் வாங்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். 16 ஜிபி ரேம் போதும். மிச்சப் பணத்தை ஐபிஎஸ் வகைத் திரைக்குப் போடுங்கள், மலிவான திரையில் தலையை அசைத்தாலே நிறம் மாறும். அடோபி மென்பொருள்களுக்குச் சந்தா கட்ட வேண்டும், மாணவர் சலுகை உண்டு. கல்லூரி சேரும் வரை அதுவும் வேண்டாம், படம் திருத்தும் ஜிம்ப், பக்கம் அமைக்கும் ஸ்கிரைபஸ் இரண்டும் இலவசம். அவள் திருத்திய பக்கங்களை அனுப்பும்போது ஜேபெக் வேண்டாம், பிடிஎஃப் ஆக அனுப்பச் சொல்லுங்கள்.