நிருத்தத்தில் கணக்கும் கற்பனையும்: கேள்வி பதில்

பரதநாட்டியத்தில் நிருத்தம், அதாவது கதை சொல்லாத தூய தாள ஆட்டம், நிறைந்த உருப்படிகளான அலாரிப்பு, ஜதிஸ்வரம், தில்லானா ஆகியவற்றில் எது கட்டாயம், எது ஆடுபவரின் விருப்பம் என்று நம் கடற்கரை ஊர்களிலிருந்து பலர் கேட்டிருந்தீர்கள். தாளம் தட்டி, சொற்கட்டு (தாளச் சொற்கள்) சொல்லி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கம் செய்பவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

டீச்சர், திஸ்ர அலாரிப்பு நன்றாகப் பழகிவிட்டது. சலங்கை பூஜைக்கு மிஸ்ரத்தில் ஆட ஆசை. அசைவுகளை அப்படியே வைத்து எண்ணிக்கையை மட்டும் ஏழாக்கினால் போதுமா? (மாணவி, பாம்பன்)

போதாது. மூன்று எண்ணிக்கைக்குள் நிறைவாக முடிந்த ஒரு கை நீட்டலை ஏழுக்கு இழுத்தால் நடுவில் தொய்வு விழும். மிஸ்ரம் ‘தகிட தகதிமி’ என்று மூன்றும் நான்குமாகப் பிரிவதால், மூன்றில் கை நீளட்டும், நான்கில் கழுத்தின் அட்டமி (பக்கவாட்டு அசைவு) வரட்டும். அல்லது முதல் மூன்றில் அசைந்துவிட்டு, பின் நான்கில் அசையாமல் நில்லுங்கள். இங்கெல்லாம் உங்களுக்கு உரிமை உண்டு. கண், கழுத்து, தோள், கை என்று உடல் ஒவ்வொன்றாக விழித்தெழுவதும், நின்ற நிலை, அரைமண்டி (முழங்கால்களை விரித்து மடித்த அரை அமர்வு), முழுமண்டி (முழு அமர்வு) என்ற மூன்று உயரங்களும், முடிவில் தீர்மானமும் (நிறைவுத் தாளக் கணக்கு) மாறக்கூடாதவை. மண்டிகளின் வரிசை பாணிக்குப் பாணி வேறுபடலாம். உங்கள் ஆசிரியர் கற்றுத்தந்த வரிசையையே பின்பற்றுங்கள்.

ஜதிஸ்வரத்தில் அடவு (ஆட்டத்தின் அடிப்படை அசைவு) ஸ்வரத்தை ஒட்டியே போக வேண்டுமா? கோர்வையை (அடவுகளின் தொடரை) நாமே அமைக்கும்போது எங்கிருந்து தொடங்குவது? (நட்டுவாங்கம் பயிலும் மாணவர், இராமேசுவரம்)

இரண்டு வழிகளும் மரபில் உண்டு. ஒன்றில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு தட்டு விழும்; மற்றொன்றில் பல்லவி தன் போக்கில் திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டிருக்க, அடவுகள் வேறொரு கணக்கில் நடந்து எடுப்பில் (பல்லவி தொடங்கும் இடத்தில்) வந்து சேரும். இரண்டாவதே ஜதிஸ்வரத்தின் உயிர் என்பது என் உறுதியான கருத்து. ஆயினும் முதல் கோர்வையை ஸ்வரத்தோடு ஒட்டி அமைத்தால், அவையினர் காதில் மெட்டு பதிந்துவிடும். அதன் பிறகு விலகிச் செல்வது அவர்களுக்கும் புரியும்.

அமைக்கும்போது கடைசியிலிருந்து தொடங்குங்கள். ஆதி தாளத்தில் சதுஸ்ர (நான்கின்) நடையில் ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு தாளச் சுற்று, 32 மாத்திரை (சிறு எண்ணிக்கை). ‘ததிங்கிணதொம்’ என்ற சொற்கட்டு ஐந்து மாத்திரை. அதை மும்முறை சொன்னால் 15. மீதமுள்ள 17 மாத்திரையை மூன்று ‘தகதிமி’யும் ஒரு ‘தக தகிட’வும் நிரப்பும். இப்போது ஒவ்வொரு ‘ததிங்கிணதொம்’முக்கும் இடையில் இரண்டு மாத்திரை கார்வை (நிறுத்தம்) விட்டுப் பாருங்கள். தீர்மானம் 19 ஆகிறது, முன்பகுதிக்கு 13 மிஞ்சுகிறது, அதாவது ஒரு ‘தகதிமி’யைக் கொடுத்து இரண்டு நிறுத்தங்களை வாங்கியிருக்கிறீர்கள். அடவு ஒன்றுகூடப் புதிதாகச் சேரவில்லை. ஆனால் அந்த இரண்டு கார்வைகளிலும் உடல் அரைமண்டியில் அப்படியே உறைந்து நிற்கும்போது கோர்வையின் முகமே மாறிவிடும். புதிய கோர்வை என்றாலே புதிய நிலைகளைத் தேடி அலையும் வழக்கம் இன்று பெருகியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. பழகிய நாட்டடவையும் பரவல் அடவையும் வைத்துக்கொண்டு, எங்கே அழுத்துவது, எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் மாற்றி எத்தனையோ கோர்வைகளை உருவாக்கலாம். ஒன்றை மறக்காதீர்கள்: பல்லவியின் எடுப்பு சமத்திலிருந்து (தாளச் சுற்றின் முதல் தட்டிலிருந்து) தள்ளியிருந்தால், தீர்மானமும் அந்தத் தள்ளிய இடத்தில்தான் வந்து முடிய வேண்டும்.

நேரம் போதவில்லை என்று என் மகளின் கோர்வைகளை வலப்பக்கம் மட்டும் ஆடச் சொல்லியிருக்கிறார்கள். இது சரியா? (தாயார், தொண்டி)

மேடையில் ஒருமுறை அப்படி ஆடுவதால் குற்றமில்லை, ஆனால் பயிற்சியில் இடப்பக்கத்தை விடவே கூடாது. ஒரு பக்கம் மட்டும் பழகிய குழந்தைக்கு மறுபக்க அரைமண்டி வலுவிழக்கும். நேரம் குறைவென்றால், எல்லாக் கோர்வைகளையும் பாதியாக்குவதைவிட ஒரு கோர்வையை முழுமையாக விட்டுவிடுவது நல்லது.

நிருத்தத்தில் பாவம் (முக உணர்ச்சி) காட்டலாமா? (ரசிகர், கீழக்கரை)

அலாரிப்பிலும் ஜதிஸ்வரத்திலும் பொருள் சொல்லும் சொற்கள் இல்லாததால் அபிநயத்துக்கு வேலை இல்லை; முகம் மலர்ந்திருந்தால் போதும். தில்லானாவின் சரணத்தில் சாகித்தியம் (பொருளுள்ள பாடல் வரிகள்) வருவது வழக்கம், அங்கே அபிநயம் தானாக இடம்பெறும்.

திருவாதிரையை ஒட்டி எங்கள் ஊரில் திறந்தவெளி மேடை. மூன்று பக்கமும் மக்கள் அமர்வார்கள், தரை கருங்கல். தில்லானாவில் என்ன மாற்றம் செய்யலாம்? (நடனக் கலைஞர், மண்டபம்)

மார்கழியில் உத்தரகோசமங்கை மரகத நடராசரின் சந்தனக்காப்பு களையப்படும் நாளை ஒட்டி ஆட வாய்த்தது உங்கள் பேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நட்டுவனார் சகோதரர்களான தஞ்சை நால்வர் வகுத்த வரிசையில் தில்லானா நிறைவாக வருவது. நம் இராமநாதபுரம் சேதுபதி அரண்மனை வித்துவான் பூச்சி சீனிவாச ஐயங்காரும் (1860–1919) தில்லானாக்களை இயற்றியிருக்கிறார், அவற்றில் ஒன்றை எடுத்தால் மண்ணுக்கும் பொருத்தமாக இருக்கும்.

பல்லவி பலமுறை ஒலிப்பதால், அப்போது வரும் மெய்யடவுகளில் (உடலின் வளைவை முதன்மையாக்கும் அடவுகளில்) ஒவ்வொரு சுற்றையும் ஒவ்வொரு பக்கத்தை நோக்கி வைக்கலாம். பக்கவாட்டில் அமர்ந்திருப்பவருக்கு உங்கள் அரைமண்டியின் விரிவு தெரியாது, நீட்டிய கையின் நீளமும் சுருங்கித் தோன்றும். ஆகவே கோர்வைகளை மூலைவிட்டமாக நகர்த்துங்கள். ஆனால் தீர்மானங்களை நேர்முகமாகவே முடியுங்கள். கணக்கு வந்து சேரும் இடம் எல்லோருக்கும் ஒன்றாகத் தெரிய வேண்டும்.

கருங்கல்லில், குதித்து முன்பாதத்தில் இறங்கிக் குதிகாலைத் தட்டும் ‘குதித்து மெட்டடவு’ முழங்காலையும் குதிகாலையும் வருத்தும். அது வருமிடங்களில் அதே எண்ணிக்கையுள்ள நாட்டடவை வையுங்கள். சொற்கட்டு மாறும், மாத்திரை மாறாது. மூன்றாம் காலத்தை (மிக விரைந்த வேகத்தை) ஒரு கோர்வைக்கு மட்டும் ஒதுக்குங்கள். இந்த மாற்றங்களை மிருதங்கக் கலைஞரிடம் ஒத்திகையின்போதே சொல்லிவிடுங்கள். பழைய சொற்கட்டை எதிர்பார்த்து அவர் வாசித்தால் உங்கள் தட்டும் அவர் கையும் மேடையில் பிரிந்துவிடும்.