கார்த்திகைப்பூக் கொடியா, கிறிஸ்மஸ் மரமா: யாழ்ப்பாண வளவுக்கு எது இலகு?

கார்த்திகைப்பூவும் சாடியில் விற்கிற கிறிஸ்மஸ் மரமும் வைக்க ஆசை, எது இலகு என்று கேட்டிருக்கிறீர்கள். மரம்தான் இலகு. ஆனால் கதியால் வேலிகள் மதிலாக மாறியதோடு நம் ஊர்களில் அருகிவருவது கொடிதான். அதை முதலில் வையுங்கள்.

இரண்டுக்கும் உயிர் நுனியில். கார்த்திகைக் கிழங்கு கலப்பைபோலக் கவர்விட்டிருக்கும். கவருக்கு ஒரு முளைதான், அதுவும் நுனியில். அலவாங்கால் கிண்டும்போது அது முறிந்தால் அந்தக் கவர் பிறகு முளைக்காது. பலருக்குக் கிழங்கு பிழைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

புரட்டாதியில், மாரி மழைக்கு முன், செம்மண்ணோடு மணலும் மக்கிய எருவும் கலந்து, கிழங்கைப் படுக்கையாக வைத்து இரண்டு மூன்று அங்குலம் மூடுங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளம் கூடாது. இந்தக் கொடி இலை நுனியைச் சுருட்டித்தான் பற்றும். மெல்லிய குச்சி, கம்பிவலை, கிளுவைக் கிளை சரி. வெறும் மதிலைப் பிடிக்க அதற்கு வழியில்லை.

பூ முடிந்ததும் இலை மஞ்சளாகிக் கொடி காயும். நோயல்ல, உறக்கம். பட்டுப்போகிறது என்று பயந்து கோடையில் நீர் ஊற்றினால் கிழங்கு அழுகும். பழைய கிழங்கு சுருங்கிப் பக்கத்தில் புதியது உருவாவதால், மறுமுறை சற்றுத் தள்ளித்தான் முளைவரும். அந்த இடத்தைக் கொத்தாமல் அடையாளம் வையுங்கள்.

செடி முழுதும் கொல்கிசின் என்ற நஞ்சு உண்டு; கிழங்கிலும் விதையிலும் அதிகம். கையுறை போடுங்கள். ஆடு மாடு கட்டும் பக்கம், சிறுபிள்ளைகள் விளையாடும் பக்கம் வேண்டாம். யாராவது விழுங்கினால் உடனே ஆஸ்பத்திரி; அறிகுறி சில மணித்தியாலம் கழித்தே தெரியும் என்பதால் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

கிறிஸ்மஸ் மரம் என்று இங்கே விற்பது பெரும்பாலும் அரோகேரியா. தென் பசிபிக் தீவுகளின் மரம், பூக்காது, கூம்பு காய்க்கும். (காரைநகர்க் கடற்கரையில் நிற்கும் சவுக்கும் ஊசியிலை மரம்போலத் தெரிந்தாலும் அது பூக்கும் இனம்.) அரோகேரியா உப்புக் காற்றைத் தாங்கும். இரண்டடிக் குழி, வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி. சாடியில் அடக்கமாக நிற்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், நிலத்தில் தென்னையை மிஞ்சும். நிழலில் நின்றால் கீழ்க்கிளைகள் காயும், காய்ந்த இடத்தில் திரும்ப வராது.

உச்சிக் குருத்தை வெட்டினால் வடிவம் போய்விடும். பக்கக் கிளையை வெட்டி நட்டால் வேர்விடும், ஆனால் நிமிராமல் பக்கவாட்டிலேயே படரும். ஆகவே விதைக் கன்றாகக் கேட்டு வாங்குங்கள். வாங்கமுன் உச்சிக் குருத்து முறியாமல், ஒற்றையாய், நேராக நிற்கிறதா என்று பாருங்கள்.