வெள்ளமும் வெயிலும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 2 ஹெக்டேரில் 60 வீடுகள் கட்டத் திட்டமிடுகிறோம். வீட்டுக்கு ஒரு மழைநீர் உறிஞ்சுகுழி வெட்டிவிட்டால் தண்ணீர் தேங்காதுதானே?

பதில்: தேங்கும். 1 மி.மீ. மழை என்பது சதுர மீட்டருக்கு 1 லிட்டர். ஒரே நாளில் 100 மி.மீ. கொட்டினால் உங்கள் இடத்தில் விழுவது 20 லட்சம் லிட்டர். 1 மீட்டர் விட்டம், 2 மீட்டர் ஆழமுள்ள குழியில் ஜல்லி நிரப்பியபின் சுமார் 600 லிட்டர்தான் நிற்கும். 60 குழிக்கும் சேர்த்து 36,000 லிட்டர். பெய்த மழையில் 2 சதவீதம்கூட இல்லை. களிமண்ணாக இருந்தால் அதுவும் சீக்கிரம் உள்ளே இறங்காது. நிலத்தடி நீருக்காகக் குழி அவசியம் வெட்டுங்கள். வெள்ளத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

விளையாட்டுத் திடலை மனையின் தாழ்ந்த பக்கத்தில் வைத்து, அரை மீட்டர் பள்ளமாக அமையுங்கள். 2,000 சதுர மீட்டர் திடல் 10 லட்சம் லிட்டரைப் பிடித்து வைக்கும். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் பெந்தம்பிளைன் சதுக்கத்தை 2013-இல் இந்த முறையில்தான் கட்டினார்கள். வடிகுழாய் சிறியதாக இருந்து, ஒன்றிரண்டு நாளில் நீர் மெல்ல வடிய வேண்டும். பெரிய குழாய் போட்டால் வெள்ளத்தை அடுத்தவர் வாசலுக்குத் தள்ளுகிறீர்கள். சிறிய குழாய் இலையும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அதனால் குழாயின் வாயில் சாய்வான கம்பி வலை போட்டு, மழைக்காலத்துக்கு முன்பும் ஒவ்வொரு பெருமழைக்குப் பின்பும் அதில் சேரும் குப்பையை வாரச் சொல்லுங்கள்.

இதைவிட முக்கியம், திடலும் நிரம்பியபின் நீர் எந்த வழியாகப் போகும் என்பது. எந்த வடிவமைப்பையும் மிஞ்சும் மழை ஒருநாள் வரும். அந்த வழியை வரைபடத்தில் இப்போதே குறித்து, அதில் மதில், டிரான்ஸ்பார்மர், லிப்ட் குழி எதுவும் வராமல் பாருங்கள். பல இடங்களில் அந்த வழி சாலைதான். பழைய தாரைச் சுரண்டாமல் ஒவ்வொரு முறையும் 4, 5 செ.மீ. ஏற்றினால், நான்காவது முறையில் 15 செ.மீ. நடைபாதை விளிம்பு மூழ்கிவிடும். சாலை நீர் வீட்டுக்குள் திரும்பும். சுரண்டிய பிறகே புதுத் தார் என்று பராமரிப்பு ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: வெளியே வெள்ளம் முழங்கால் அளவுகூட இல்லை. ஆனாலும் தரைத்தளக் கழிவறையில் சாக்கடை பொங்குகிறதே?

பதில்: தெருச் சாக்கடை நிரம்பி, அழுத்தத்தில் பின்னோக்கி வருகிறது. தரைத்தளக் குழாய் தெருக்குழாயோடு சேருமிடத்தில், கையெட்டும் தொட்டிக்குள், நீரை வெளிப்பக்கம் மட்டும் போகவிட்டு, திரும்பி வந்தால் மூடிக்கொள்ளும் நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்துங்கள். வால்வு மூடியிருக்கும்போது உங்கள் கழிவுநீரும் வெளியே போகாது. மாடியில் திறக்கும் தண்ணீர் கீழே பொங்கும். மாடிக் குழாயைத் தனியாக இணைத்தால் இந்தச் சிக்கல் பெரிதும் குறையும்.

கேள்வி: வெயிலுக்கு மரமா, வெள்ளைக் கூரையா?

பதில்: இந்தக் கோடைக்குக் கூரை, அடுத்த தலைமுறைக்கு மரம். வெள்ளைப் பூச்சில் தூசி படிந்தால் பலன் குறையும்; கோடைக்கு முன் கழுவுங்கள். 1995 ஜூலையில் சிகாகோவின் அனல் அலையில் 700-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தனியே வாழ்ந்த முதியோர் பலர். எனவே தனியாக இருக்கும் முதியோர் பட்டியலையும், அனல் நாளில் யார் யார் கதவைத் தட்டிப் பார்ப்பது என்பதையும் இப்போதே எழுதிவையுங்கள். மின்சாரம் போனாலும் மின்விசிறி சுழலும் பொது அறை ஒன்றும் வேண்டும்.