பிரசவம் முடிந்தால் ரத்தக்கொதிப்பும் முடிந்துவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 27. முதல் கர்ப்பம், இது 33-வது வாரம். இதுவரை சரியாக இருந்த ரத்த அழுத்தம் இரண்டு வாரங்களாக 150/100 என்று காட்டுவதால் லபெட்டலால் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்த ஐந்தாம் நாள் பக்கவாதம் வந்துவிட்டது. எனக்கும் அப்படி வருமா? பிரசவமானால் தானாகச் சரியாகிவிடும் என்கிறார் என் மாமியார். அப்போது மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை. கர்ப்பத்தின் 20-வது வாரத்துக்குப் பிறகு புதிதாக வரும் இந்த ரத்தக்கொதிப்புக்கு நச்சுக்கொடியே பெரும்பாலும் மூலகாரணம் என்பதால், அது வெளியேறிய பின் நோய் தணியத் தொடங்கும். ஆனால், அன்றைக்கே தணிந்துவிடாது. கர்ப்ப காலத்தில் உடலில் தேங்கிய நீர் பிரசவத்துக்குப் பின் ரத்த ஓட்டத்துக்குத் திரும்புவதால், மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை அழுத்தம் முன்பைவிடவும் ஏறக்கூடும். அதற்குள் பலர் வீடு திரும்பியிருப்பார்கள். தலை வலிக்கிறது என்று பிள்ளை பெற்ற பெண் சொன்னால், இரவெல்லாம் கண் விழித்ததால் வந்தது என்று நெற்றியில் தைலம் தேய்த்துப் படுக்க வைக்கிறார்கள், பி.பி. பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. என்னைக் கேட்டால், பத்தியச் சாப்பாட்டைவிட அந்த வாரத்தில் அவசியமானது பி.பி. கருவிதான்.

கர்ப்பிணிகளுக்குப் பக்கவாதம் அரிதாகவே வருகிறது என்பதால் அஞ்சி நடுங்க வேண்டாம். ஆயினும், இந்த ரத்தக்கொதிப்போடு சிறுநீரில் புரதமும் வெளியேறும் பிரீஎக்லாம்ப்சியா நிலையில் ரத்தக் குழாய்களின் உட்சுவர் பழுதடைந்திருப்பதால், மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் அழுத்தத்தில்கூட மூளையில் நீர் கசியவோ ரத்தம் கசியவோ வாய்ப்புண்டு. மேல் அளவு 160-ஐயோ கீழ் அளவு 110-ஐயோ தொட்டு, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தும் குறையாவிட்டால், ஒரு மணி நேரத்துக்குள் அதைக் குறைக்கும் சிகிச்சை தொடங்கியாக வேண்டும். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, மூச்சுத் திணறல் ஆகியவை வந்தாலும் தாமதிக்காதீர்கள். வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் மரத்தாலோ, வலிப்பு வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். வலிப்புக்குப் போடப்படும் மக்னீசியம் சல்பேட் ஊசி உயிர்காக்கும் மருந்து. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

சிறுநீர்ப் புரதம், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைச் செய்தாயிற்றா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் பி.பி. பார்க்கும்போது ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பார்த்து, அளவைக் குறித்து வையுங்கள். வீட்டில் வேறு யாரேனும் போடும் டெல்மிசார்ட்டான், எனலாப்ரில் போன்ற பி.பி. மாத்திரைகளை எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். அவை சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

லபெட்டலாலைத் தாய்ப்பால் கொடுக்கும்போதும் தொடரலாம். அதை எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதை அளவுகளைப் பார்த்து மருத்துவரே சொல்ல வேண்டும். ஆறாவது வாரத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி போடச் செல்லும் அன்றே, உங்கள் கையையும் நீட்டி பி.பி. பார்த்துக்கொள்ளுங்கள்.