ரெடிரீட் நின்றுபோனதற்கு லைப்ரரி வாங்க வேண்டாம்

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவரின் கேள்வி. சென்சார்கள் யுடிபியில் (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் நெட்வொர்க்கில் டேட்டா அனுப்பும் முறை) அனுப்பும் வெப்பநிலையை அவர் க்யூட்டி என்ற சி++ லைப்ரரியில் எழுதிய புரோகிராம் வாங்கிக் காட்டுகிறது. கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடுகிறது, அப்புறம் "டேட்டா வந்திருக்கிறது, படி" என்று க்யூட்டி சொல்லும் ரெடிரீட் சிக்னல் வருவதே இல்லை. எரரும் கிடையாது. நெட்வொர்க்கில் வருவதைக் காட்டும் வயர்ஷார்க்கில் பார்த்தால் பாக்கெட்டுகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. மாரத்தஹள்ளியில் அவர் படித்த பயிற்சி மையத்தில் கேட்டால், "யுடிபின்னா பாக்கெட் தொலையத்தான் செய்யும், எங்க ராப்பர் லைப்ரரியை வாங்கிக்குங்க" என்கிறார்களாம். ராப்பர் என்றால் க்யூட்டியின் மேல் சுற்றிய ஒரு உறை, அவ்வளவுதான்.

முதலில், அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். யுடிபியில் பாக்கெட் தொலையலாம் என்பது உண்மைதான், ஆனால் உங்கள் பாக்கெட் தொலையவில்லை, உங்கள் லேப்டாப் வரை வந்து, புரோகிராம் நெட்வொர்க்கோடு பேசும் வாசலான சாக்கெட்டில் காத்துக் கிடக்கிறது. நீங்கள் அனுப்பிய கோடில் ரெடிரீட்டுக்கான ஸ்லாட்டின் (சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) முதல் வரியே "டேட்டாபேஸ் பிஸி என்றால் ரிட்டர்ன்". சிக்கல் அங்கேதான். வந்த டேட்டாகிராமை (யுடிபி பாக்கெட்டின் பெயர்) நீங்கள் படிக்காமல் விட்டால் க்யூட்டி அடுத்ததற்கு சிக்னல் தராது, ஒருமுறை படிக்காமல் திரும்பினாலே போதும், அதோடு நின்றுவிடும். இது க்யூட்டியின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிற விஷயம். அந்த வரியை எடுத்துவிட்டு, படிக்காதது இன்னும் இருக்கிறதா என்று சொல்லும் ஹேஸ்பெண்டிங்டேட்டாகிராம்ஸ் உண்மையாக இருக்கும்வரை வைல் லூப்பில், ஒவ்வொன்றாகப் படிக்கும் ரிசீவ்டேட்டாகிராமைக் கூப்பிடுங்கள் (இது க்யூட்டி 5.8-இலிருந்து இருக்கிறது). படித்ததை ஒரு க்யூவில் போடுங்கள், டேட்டாபேஸ் வேலையை வேறு த்ரெட் (அதே புரோகிராமுக்குள் தனியாக ஓடும் இன்னொரு வேலை) பார்த்துக்கொள்ளட்டும்.

லூப் போட்டும் நிற்கிறது என்று சிலர் வருவார்கள். அவர்கள் அடுத்த டேட்டாகிராமின் அளவைச் சொல்லும் பெண்டிங்டேட்டாகிராம்சைஸ் பூஜ்யத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து லூப் ஓட்டியிருப்பார்கள். யுடிபியில் வெறும் டேட்டாகிராமும் செல்லும், உள்ளே ஒரு பைட்கூட இருக்காது, "உயிரோடு இருக்கிறேன்" என்று சொல்வதற்காகச் சில கருவிகள் அப்படி அனுப்பும். அதன் அளவு பூஜ்யம், எதுவுமே வரவில்லை என்றால்தான் மைனஸ் ஒன்று. பூஜ்யத்தைப் பார்த்ததும் உங்கள் லூப் வெளியே வந்துவிடும், அந்த வெறும் டேட்டாகிராம் படிக்கப்படாமல் வரிசையின் முன்னால் நிற்கும், மறுபடி அதே கதை. அதனால் அளவைப் பார்க்காதீர்கள், இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பாருங்கள்.

இந்த ராப்பர் வியாபாரம் நடப்பதற்கே காரணம் நம் கல்லூரிகள்தான் என்பேன். யுடிபி பாக்கெட்டின் முன்னால் வரும் 8 பைட் ஹெட்டரைக் கட்டம் போட்டு வரைந்தால் மார்க் உண்டு, லேபில் ஒரு சாக்கெட்டைத் திறந்து பார்க்காமலே பட்டமும் உண்டு. யுடிபியை வரையறுத்த ஆவணமான ஆர்எஃப்சி 768, 1980-இல் வந்தது, மொத்தமே மூன்று பக்கம்! அதைக்கூடப் படிக்க வைக்காமல் அனுப்பிவிடுகிறார்கள், பிள்ளைகள் பி.டி.எம். லேஅவுட்டிலும் மாரத்தஹள்ளியிலும் மறுபடி ஃபீஸ் கட்டுகிறார்கள்.

மாற்றிய பிறகு எல்லா சென்சார்களையும் ஒரே நேரத்தில் போட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போதும் இடையிடையே எண்கள் விட்டுப்போனால் சாக்கெட்டின் ரிசீவ் பஃபர் (படிக்கும்வரை பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடம்) அளவைக் கூட்டுங்கள், செட்சாக்கெட்ஆப்ஷன் ஒரு வரி போதும்.