பகல்நேரப் பராமரிப்பு நிலையம் தொடங்குவோருக்கு

கிளிநொச்சிப் பக்கம் 12 ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பராமரிக்கும் நிலையம் ஒன்றை நடத்திவருகிறேன். என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்குக் கீழே பதில் எழுதுகிறேன்.

மாங்குளத்திலிருந்து: அக்கா, வீட்டு முன்மண்டபத்தில் 10 பிள்ளைகளைப் பார்க்க விரும்புகிறேன். பதிவுக்கு எங்கே போவது?

எதை நடத்தப்போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள், தங்கச்சி. 3 முதல் 5 வயது வரையானவர்களைக் காலையில் கூட்டிக் கற்பித்தால் அது முன்பள்ளி. இலங்கை அரசியலமைப்பில் 1987ஆம் ஆண்டு செய்யப்பட்ட 13ஆவது திருத்தத்தின்படி முன்பள்ளிகளின் மேற்பார்வை மாகாணத்துக்கு உரியது என்பதால் வலயக் கல்வி அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். தாய்மார் வேலையால் வரும்வரை கைக்குழந்தைகளையும் பார்ப்பதென்றால், பிரதேச செயலகத்திலுள்ள முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். ஒரு மூட்டை சீமெந்து வாங்குவதற்கு முன்பே சந்தியுங்கள். நான் முதலில் கட்டிவிட்டுப் பிறகு போய்க் கேட்டதால், குசினிப் புகை படுக்கும் அறைக்குள் வருகிறதென்று ஒரு சுவரை இடித்து மறுபடி கட்ட நேர்ந்தது.

ஒட்டுசுட்டானிலிருந்து: பார்வையிட வருவோர் எதைக் கவனிப்பார்கள்?

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணறு, மலசலகூடம், குசினி ஆகியவற்றைப் பார்ப்பார். நம் வளவுகளில் பெரிய ஆபத்து கிணறுதான். எங்கள் கிணற்றுக்கு இடுப்பளவு கட்டு இருந்தும், நான்கு வயதுப் பையன் ஒருவன் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் கண்டேன். அன்றைக்கே இரும்புவலை மூடி போட்டுப் பூட்டினேன், திறப்பு என் இடுப்பில்தான் இருக்கும். விறகைச் சுவரோரம் அடுக்காதீர்கள், மழை தொடங்கியதும் பாம்பு அங்கேதான் ஒதுங்கும். சிரட்டை, பழைய டயர் போன்றவற்றில் நீர் தேங்கினால் நுளம்பு பெருகும்.

நெடுங்கேணியிலிருந்து: நான் ஓ.எல். (சாதாரண தரம்) வரைதான் படித்தேன். முடியுமா?

பயிற்சி பெற்றால் முடியும். முன்பள்ளி ஆசிரியருக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உண்டு. மேலே படிக்க விரும்பினால் திறந்த பல்கலைக்கழகமும் உண்டு.

முழங்காவிலிலிருந்து: பிள்ளையைச் சேர்க்கும்போது எவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்?

பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டை வாங்கி நீங்களே புரட்டிப் பாருங்கள். பிள்ளைக்கு 9 மாதத்தில் எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) தடுப்பூசி போடுவித்த தாய்மார் சிலர், 3 வயதில் போட வேண்டிய இரண்டாவதை மறந்திருப்பதை நான் கண்டிருக்கிறேன்; அவர்களைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் அனுப்பிவைப்பேன். ஒவ்வாமை பற்றிக் கேட்டு எழுதுங்கள். ஒவ்வாமை இல்லாவிட்டாலும் சின்னப்பிள்ளைகளுக்குக் கச்சானை முழுதாகக் கொடுக்க வேண்டாம், மூச்சுக்குழாயில் அடைத்துவிடும்.

மற்றது, யார் யார் பிள்ளையைக் கூட்டிப்போகலாம் என்று பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பத்துடன் எழுதி வாங்குங்கள். ஒருநாள் பின்னேரம் சொந்த மாமனே வந்தும், பதிவில் பெயர் இல்லாததால் தாய் தொலைபேசியில் சொல்லும்வரை நான் பிள்ளையை அனுப்பவில்லை. அவர் கோபித்துக்கொண்டு போனார். தாய் மறுநாள் வந்து அவர் பெயரையும் எழுதிவிட்டுப் போனார்.

புதுக்குடியிருப்பிலிருந்து: பெற்றோரே அடித்து வளர்க்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

அடிக்கக் கூடாது, பெற்றோர் கேட்டாலும் கூடாது. பொறுப்பிலுள்ள பிள்ளைக்குக் கொடுமை செய்வது தண்டனைச் சட்டக்கோவையில் 1995இல் சேர்க்கப்பட்ட பிரிவின்படி குற்றம். ஒரு தகப்பன் பூவரசம் கம்பு ஒன்றைச் சீவிக் கொண்டுவந்து தந்தார். அதை நான் கத்தரிக் கன்றுக்கு ஊன்றுகோலாக நட்டேன். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தை, பெற்றோர் செருப்புக் கழற்றும் வாசலிலேயே பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.