குடிகாரனின் ஒன்பது படிகள்

கேள்வி: ஒருவன் குடியால் படிப்படியாக அழிவதைக் காட்டும் 1846-ஆம் ஆண்டு அமெரிக்க அச்சுப்படம் ஒன்று கிடைத்தது. அசலா, மறுபதிப்பா?

பதில்: நியூயார்க்கில் நத்தேனியல் கரியர் வெளியிட்ட படம் அது. நண்பனோடு ஒரு கோப்பை என்று தொடங்கி, ஐந்தாம் படியில் உச்சிக்கு ஏறி, ஒன்பதாம் படியில் தற்கொலையில் முடியும். படிகள் ஏறி இறங்கும் வளைவின் அடியில் குழந்தையோடு அழும் மனைவியைப் பாருங்கள். படத்தின் உயிரே அவள்தான்.

முதலில் படத்தின் கீழே உள்ள வெளியீட்டாளர் பெயரைப் படியுங்கள். கரியரின் நிறுவனத்தில் ஐவ்ஸ் என்பவர் கூட்டாளியானது 1857-இல்தான். 'கரியர் அண்ட் ஐவ்ஸ்' என்றிருந்தால் அது 1846-இல் அச்சானது அல்ல.

பிறகு 10 மடங்கு பூதக்கண்ணாடியால் முகங்களைப் பாருங்கள். சுண்ணாம்புக்கல்லில் பிசுக்குள்ள கிரேயானால் வரைந்து அச்சிட்டது என்பதால், கறுப்பு ஒழுங்கற்ற மணல்போலத் தெரியவேண்டும். சம இடைவெளியில் வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் பிற்கால மறுபதிப்பு, சந்தேகமே வேண்டாம். வண்ணம் மட்டும் கோட்டைத் தாண்டியிருந்தால் கவலைப்படாதீர்கள். கையால் பூசியதில் அது இயல்பு. ஆனால் வண்ணத்தை மட்டுமே ஆதாரமாகக் கொள்ளாதீர்கள், மறுபதிப்புக்கும் கையால் வண்ணம் தீட்டலாம்.

தயவுசெய்து ஈரத்துணியால் துடைக்காதீர்கள், நீர்வண்ணம் கரைந்துவிடும். செல்லோடேப்பும் வேண்டாம், அதன் பசை காகிதத்தில் ஊறி மஞ்சள் கறையாகிவிடும்.